காசுக்கூட்டில் பதிந்த பெருவிரல்

குருநகரில் பிறந்தும் கடல் ஒத்துவராத ஒரு மனுசனைத்தான் நான் கலியாணம் முடித்தேன். பெயர் கனிசியஸ். நீந்துவார், கிழிந்த வலை பொத்துவார், மீன் பார்த்து வாங்குவார். வள்ளத்தில் கால் வைத்தால் மட்டும் வயிற்றைப் புரட்டும். பதினாறு வயதில் தகப்பன் அவரைத் தொழிலுக்குக் கூட்டிப்போன முதல் நாள், கரை கண்ணுக்கு மறைய முன்னமே சத்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டாராம். மூன்றாம் நாளும் அதே கதை. "உவனை நிழலிலை இருக்கிற வேலை எதுக்காவது அனுப்புங்கோ" என்று தகப்பன் கையை விரித்துவிட்டார். அப்படிக் கிடைத்த நிழல்தான் பட்டினத்தில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறை.

பத்து வருசம் அங்கே கிடந்து தொழில் பழகி, பிறகு கோயிலடியில் சொந்தமாக ஒரு ஸ்ரூடியோ போட்டார். நான் கலியாணம் முடித்து வந்தபோது அந்த ஸ்ரூடியோவில் ஒரு கமரா, ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு, ஒரு திரைச்சீலை, ஒரு சீப்பு. சீப்பை நாளுக்கு நாலுதரம் கழுவுவது என் வேலையாகிப் போனது.

அவருக்குக் கெட்டித்தனம் கமராவில் இல்லை, பென்சிலில். படம் பிடித்துக் கழுவிய பிறகு நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள பருவையும் தழும்பையும் மூடிவிடுவார். அம்மைத் தழும்பு விழுந்த பெண்ணுக்கு அவர் எடுத்த படத்தைப் பார்த்தே மாப்பிள்ளை வந்த கதை குருநகரில் எல்லோருக்கும் தெரியும். பிறகு மாப்பிள்ளை நேரில் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதும் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம். "உயிர்த்த ஆண்டவர் வந்து நிண்டாலும், கையிலை இருக்கிற காயத்தை நீங்கள் பென்சிலாலை மூடிப்போடுவியள்" என்று நான் பகிடி பண்ணுவேன். "கேட்டால் மூடத்தான் வேணும் ராணி" என்பார். கேட்காமலே மூடுகிறவர் அவர்.

அந்த மனுசனுக்கு ஒரேயொரு விசயத்தில்தான் கோபம் வரும். நெகட்டிவின் முகத்தில் யாராவது விரல் வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. ஓரத்தில் பிடி, ஓரத்தில் பிடி என்று எனக்கே ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். அவருடைய விரலடையாளம் உள்ள ஒரு நெகட்டிவை நான் கண்டதில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் பென்சிலோடும் நான் துடைக்கிற துணியோடும் இருந்தோம். எங்கள் வீட்டில் அழுக்கு ஒரு இரவு தங்கினது கிடையாது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

செபஸ்தியம்மா எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவ. புருசன் இல்லை. ஒரே மகன், அடைக்கலநாதன். கடலுக்குப் போகிற பெடியன், ஆனால் அவனுக்கு ஒரு விசித்திரமான பைத்தியம் இருந்தது. மாரிக் கடல் பொங்கி அடித்து ஓய்ந்த பிறகு கரையில் குனிந்துகொண்டு திரிவான். பழைய காசு தேடுகிறான். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு, மாடு படுத்திருக்கிற சேதுக் காசு என்று ஏழு காசு சேர்த்துவிட்டான். அதுகளை வைக்கவென்று கொழும்பிலிருந்து பிளாஸ்ரிக் கூடுகள் எடுப்பித்தான். தீப்பெட்டி அளவு, தடித்த கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் காசை வைத்து மூடி, சுற்றிவர ரேப் ஒட்டிவிட்டால் காற்றும் போகாது. "சாப்பிட வழியில்லாத காசுக்குச் சவப்பெட்டி செய்யிறான் உவன்" என்று மற்றப் பெடியள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

எண்பத்தாறாம் ஆண்டு ஒருநாள் அவன் போன வள்ளம் திரும்பவில்லை. அதில் போன நான்கு பேரில் ஒருவருடைய உடம்பும் கரைக்கு வரவில்லை. உடம்பு இல்லாமல் எப்படி அழுவது என்று தெரியாமல் அந்த அம்மா ஒரு கிழமை வாசலிலேயே இருந்தா.

பிறகு எங்களிடம் வந்தா. அடையாள அட்டைக்கு அவன் எடுத்த படத்தின் நெகட்டிவ் எங்களிடம் இருந்தது. வேறு படம் அவனுக்கு இல்லை. என் மனுசன் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் பென்சிலோடு குந்தியிருந்து வேலை செய்தார். சின்னனில் துடுப்பு அடித்து அவனுடைய இடது புருவத்தைப் பிளந்த ஒரு தழும்பு இருந்தது. அதை மூடினார். படத்தில் பெடியன் சினிமாக்காரன் மாதிரி இருந்தான். செபஸ்தியம்மா கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. "வடிவாய்க் கிடக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, துணியில் சுற்றிக் கொண்டு போனா. ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நாங்கள் அன்றைக்கு நிம்மதியாய்ச் சாப்பிட்டோம்.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை தொடங்கிக் குருநகரே காலியானது. நாங்கள் மானிப்பாயில் ஒரு வீட்டின் முன் விறாந்தையும் ஒரு அறையும் எடுத்து இருந்தோம். கோயிலடி ஸ்ரூடியோவில் ஷெல் விழுந்து, எங்கள் கலியாணப் படம் உட்பட எல்லாம் எரிந்துபோனது. கமராவும் படம் கழுவுகிற மருந்து கொஞ்சமும் ஒரு பெட்டி நெகட்டிவும்தான் மிச்சம். மின்சாரம் இல்லை. தடை போட்டபடியால் பிலிம் வராது, பற்றறி வராது, மண்ணெண்ணெய் வராது, சவர்க்காரம்கூட வராது. துணிக்குப் பனங்காய் போட்டுத் தோய்த்த காலம் அது. என் மனுசன் கூரையில் ஒரு ஓட்டைக் கழற்றி, அதன் வழியே வந்த வெயிலை ஒரு பலகைப் பெட்டிக்குள் விழவிட்டு, அந்த வெளிச்சத்தில் கடதாசியில் படம் அடித்தார். முகில் மூடினால் கடை பூட்டு. அப்படியும் ஊரை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கப் படம், அடையாள அட்டைக்குப் படம் என்று ஆட்கள் வந்தார்கள்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் ஒரு காலை செபஸ்தியம்மா வந்தா. சங்கானைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாய் இருக்கிறா என்று அப்போதுதான் தெரிந்தது. கையில் ஒரு பிஸ்கட் ரின். ரின்னைத் திறந்து, வெள்ளைத் துணியை விரித்து, மகனுடைய ஏழு காசுக்கூடுகளையும் ஒவ்வொன்றாய் மேசையில் வைத்தா. எல்லாவற்றையும் ஓரத்தில்தான் பிடித்தா. கடைசிக் கூட்டைச் சேலைத் தலைப்பால் ஓரம் பிடித்து வைத்தா. "பாரும், அக்காவுக்கு எங்கடை தொழில் தெரியுது" என்று என் மனுசன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுகளைப் படம் எடுத்துத் தாரும் தம்பி" என்றா. "ஓடி ஓடித் திரியிறன். எங்கையாவது விட்டிட்டுப் போயிடுவன் எண்டு பயமாய்க் கிடக்கு. படமெண்டால் இடுப்பிலை செருகிக்கொண்டு ஓடலாம்."

"பிளாஸ்ரிக் மினுங்கும் அக்கா. காசை வெளியிலை எடுத்தால் துலக்கமாய் வரும்."

"திறக்க வேண்டாம். அவன் மூடினது. கூட்டோடை, இருக்கிற மாதிரியே எடுத்துத் தாரும்."

இருக்கிற மாதிரியே. அதை இரண்டு பேரும் எங்கள் காதால் கேட்டோம். வாழ்க்கையில் ஒரு நாளும் இருக்கிற மாதிரி எதையும் விடாத இரண்டு பேர் கேட்டு என்ன பிரயோசனம். ரின்னை விட்டுவிட்டு, நாளைக்கு வாறன் என்று அவ போனா.

அவரிடம் ஒரே ஒரு றோல் பிலிம் இருந்தது. கொழும்பால் வந்த ஒருவர் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது, பன்னிரண்டு படம் எடுக்கலாம். யன்னலோரம் மேசையைப் போட்டு, கடைசியாய் வைத்த கூட்டை முதலில் எடுத்து வைத்தார். கமராவுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டிக் குனிந்து பார்த்தார். பிளாஸ்ரிக்கில் யன்னல் வெளிச்சம் விழுந்து பளீரென்று அடித்தது. "காசைக் காணேல்லை ராணி. யன்னலும் என்ரை மொட்டையும் தான் தெரியுது" என்றார். எதற்கும் அளவு பார்க்கவென்று அப்படியே ஒரு படம் தட்டினார். ஒன்று வீண் என்று நான் முணுமுணுத்தேன்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கமராவுக்கும் காசுக்கும் மேலே கறுப்பாய் ஏதாவது கவிழ்த்து, லென்ஸுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டால் பிளாஸ்ரிக்கில் தெரிகிறதற்கு ஒன்றும் இராது. வெளிச்சத்தைக் கீழே பக்கத்தால் விடலாம். கறுப்பாய் வீட்டில் இருந்த ஒரே பொருள் என்னுடைய குடை.

"மழை வந்தால் நான் என்னத்தைப் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"ஓட்டை சின்னன் தான். மழைக்குத் தெரியாது."

அவர் கத்தரிக்கோலோடு குடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நான் கோபத்தில் மேசையடியில் நின்றேன். கோபம் வந்தால் என் கைக்கு ஏதாவது துடைக்க வேண்டும். அந்தக் கூட்டைப் பார்த்தேன். பிளாஸ்ரிக்கின் மேல், காசுக்குச் சரி நேரே, ஒரு கறுப்பு அழுக்கு. மோட்டருக்குப் போடுகிற கிறீஸ். பாவம் மனுசி, அகதி முகாமில் எங்கே பட்டதோ என்று நினைத்தேன்.

என் பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவில் ஒரு வாசச் சவர்க்காரம் இருந்தது. கொழும்பிலிருந்து அவருடைய மச்சாள் அனுப்பியது. நத்தார்ப் பண்டிகைக்கு என்று கடதாசி பிரிக்காமல் வைத்திருந்தேன். மகனை இழந்த மனுசிக்கு என்னால் ஏலுமானது இது என்று நினைத்து அதைப் பிரித்தேன். விரலில் கொஞ்சம் குழைத்து, கூட்டைத் தேய்த்துக் கழுவி, மெல்லிய துணியால் ஈரம் ஒற்றி, மேசையில் திரும்ப வைத்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. என் கையையும் மணந்து பார்த்துக்கொண்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த வாசம்.

அவர் ஓட்டைக் குடையோடு வந்தார். கூட்டைப் பார்த்து, "துடைச்சனீரோ? நல்லது" என்றார். அந்தப் பின்னேரம் வரை வெயில் சரிகிற பக்கமெல்லாம் குடையைத் திருப்பித் திருப்பி, ஏழு காசையும் எடுத்தார். பிலிமைக் கழுவியதும், தூசு படாமல் இருக்கக் குடையை விரித்துக் கூரை வளையில் தொங்கவிட்டு, அதன் கம்பியில் துணிக் கிளிப்பால் பிலிமின் நுனியைக் கொழுவிக் காயவிட்டார். காலையில் காய்ந்ததும் தேவையான அளவை வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் படம் அடித்தார். குடையை மடக்கி மூலையில் வைத்தது நான்.

அவர் செய்ததில் அதுதான் மிகச் சிறந்த வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். படத்தில் பிளாஸ்ரிக் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. காசை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. படுத்திருக்கிற மாட்டின் கொம்பும் தெரிந்தது.

செபஸ்தியம்மா வந்ததும் நான் தேத்தண்ணி கொடுத்தேன். ஏழு படத்தையும் மடியில் அடுக்கி ஒவ்வொன்றாய்ப் பார்த்தா. கடைசிப் படத்தை இரண்டுதரம் பார்த்தா. திருப்பியும் பார்த்தா. பிறகு ரின்னைத் திறந்து அந்தக் கூட்டை எடுத்து, கண்ணுக்குக் கிட்ட, மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டக் கொண்டுபோனா. அப்படியே இருந்தா. தேத்தண்ணி ஆறியது.

"இதிலை ஒரு கறுப்பு இருந்தது" என்றா. சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

நான் வாயைத் திறக்க முன்னம் அவர் சொன்னார். "நான் தான் அக்கா துடைச்சனான்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவ திட்டவில்லை, அழவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாய்ச் சொன்னா: அவன் திரும்பி வராத அண்டைக்கு விடிய, வள்ளத்துக்கு மோட்டர் பூட்டிக்கொண்டு நின்றவன், புதுக் காசைக் கூட்டில் மூடவேணும் என்று ஓடி வந்தான். கை கழுவடா என்றேன், கழுவவில்லை. மூடி ஒட்டி, இந்தாங்கோ அம்மா என்று மேலே பெருவிரலை வைத்துத் தந்துவிட்டுக் கடலுக்குப் போனான். அது அவன்ரை பெருவிரல். மீன் பிடிக்கிற தங்கூசி நூல் வெட்டின கோடு குறுக்கால் கிடந்தது. ஆறு வருசம் நான் அதில் விரல் வைக்கவில்லை.

"காசு எனக்கு என்னத்துக்கு தம்பி. சொன்னால் சிரிப்பீர் எண்டு சொல்லேல்லை. படம் எடுத்தால் அதுவும் வரும்தானே எண்டு நினைச்சன்."

என் மனுசன் குனிந்து அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"முகத்திலை இருந்த தழும்பையும் நீர் தான் எடுத்தனீர்" என்றா செபஸ்தியம்மா. "எடுக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. நல்ல மனசோடை செய்த மனுசனை எப்பிடிக் குறை சொல்லுறதெண்டு போனனான். அந்தப் படத்திலை இருக்கிறது என்ரை பிள்ளை இல்லை தம்பி."

படங்களையும் ரின்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டா. வாசல் வரைக்கும் போன அவர் அதற்கு அங்கால் போகவில்லை.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"முகத்தை அழிச்சது நான். விரலையும் நானே அழிச்சதாய் இருக்கட்டும். அவவுக்கு ஒராளை வெறுக்கிறது லேசு, ரெண்டு பேரை வெறுக்கிறது கஸ்ரம்."

நான் அடுத்த நாளே போய், துடைத்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. பத்துப் பேருக்கு நடுவில் வாய் காட்டுகிற எனக்கு அந்த ஒருத்தி முன்னால் போய் நிற்கத் துணிவு வரவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் வைக்க ஏலாது.

இரண்டு நாள் கழித்து அவருக்கு முதல் படத்தின் நினைவு வந்தது. கூட்டைக் கழுவ முன்னம், அளவு பார்க்கத் தட்டிய அந்தப் பழுதுப் படம். பிளாஸ்ரிக்கில் வெளிச்சம் பளீரென்று அடித்தபடியால் காசு தெரியாமல் போயிருக்கும். ஆனால் கிறீஸ் மினுங்காது. பளபளப்புக்கு நடுவில் விரல் மட்டும் நிற்கும். பழுதான துண்டுகளை அவர் ஒரு பால்மா ரின்னுக்குள் போடுவது வழக்கம். ரின்னைக் கொட்டினோம். இல்லை. மேசைக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால், குப்பைக் கிடங்கில் எல்லாம் தேடினோம். இல்லை.

மூன்று வருசம் தேடினார். பின்னேரம் வெயில் சரிகிற நேரம், பழைய துண்டுகளை ஒவ்வொன்றாய் யன்னலில் பிடித்துப் பார்ப்பார். பார்த்ததையே திரும்பப் பார்ப்பார். பென்சிலை அன்றோடு விட்டுவிட்டார். பருவோடு படம் கொடுத்தார், தழும்போடு கொடுத்தார். "மாஸ்ரர், இதென்ன, முகத்தைச் சரியாக்கேல்லையோ?" என்று கேட்டால், "உங்கடை முகம் உப்பிடித்தானே" என்பார். பாதிப் பேர் வேறு இடம் பார்த்தார்கள். நான் சண்டை பிடிக்கவில்லை. எந்த வாயால் பிடிப்பேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி கடைசியில், ஆமி முன்னேறி வர, வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பி நடந்தது. எல்லோரும் ஒரே றோட்டில், ஒரே மழையில். சைக்கிளில் கட்ட முடிந்ததைக் கட்டிக்கொண்டு நாங்களும் இறங்கினோம். மூலையில் கிடந்த குடையை நான் பானையைத் தடுத்து வைக்கத் தடிபோல் சொருகிக் கட்டினேன். நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடிப் பக்கம் வந்தபோது அடுத்த நாள் மதியம். மழை திரும்ப ஊற்றத் தொடங்கியது. அவருக்கு அப்போதே இருமல். எனக்குப் பொறுக்காமல் குடையை உருவினேன். "ஓட்டை சின்னன் தானே, மழைக்குத் தெரியாதெண்டு சொன்னனீங்கள், வாங்கோ பார்ப்பம்" என்று விரித்தேன்.

உள்ளே கம்பியில் ஒரு துணிக் கிளிப். கிளிப்பில் ஒரு துண்டுப் பிலிம்.

பிலிமின் நுனியில் இருந்தது முதல் படம். கிளிப் கடித்துக்கொண்டிருந்ததும் நுனியைத்தான். பழுதுதானே என்று அதற்குக் கீழே வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் கிளிப்போடு குடையை மடக்கி மூலையில் வைத்திருக்கிறேன். ஓட்டைக் குடையை அதற்குப் பிறகு யார் விரிப்பார்கள்.

ஓட்டையால் ஒழுகின தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. அவர் சைக்கிளை அப்படியே விட்டார். பானை உருண்டது. ஒரே பாய்ச்சலாய்க் கையை நீட்டிப் பிலிமைப் பறித்து எடுத்தார். எடுத்த பிறகுதான் அவருக்கு அறிவு வந்தது. நனைந்த பிலிம் பசைபோல இளகியிருக்கும். அவருடைய பெருவிரல் பிலிமின் முகத்தில், ஒரு ஓரமாய், ஆழப் பதிந்திருந்தது.

"பழுதாக்கிப் போட்டன் ராணி" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். நடுவில் அடைக்கலநாதனின் பெருவிரல் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது, குறுக்கே நூல் வெட்டின கோடும் தெரிந்தது. என் மனுசன் நடு றோட்டில் நின்று அழுதார். சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஏதோ ஒன்றுக்கு அழுதபடியால் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சைக்கிளை நான் உருட்டினேன். ஓட்டை இல்லாத பக்கமாய்க் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, பூசையில் அப்பத்தை உயர்த்துகிற சுவாமியார் மாதிரி அந்தத் துண்டை இரண்டு விரலால் ஓரம் பிடித்து, காய்கிற வரைக்கும் நடந்தே வந்தார்.

மிருசுவிலில் ஒரு கோயில் மண்டபத்தில் இடம் கிடைத்தது. படம் அடிக்கக் கடதாசி இல்லை. நாள்தோறும் ஒவ்வொரு முகாமாய்ப் போய்ச் செபஸ்தியம்மாவைத் தேடினார். குருநகர் ஆட்கள் யாரும் இருக்கினமோ என்று கேட்டுக்கேட்டு அலைந்தார். ஒரு கிழமையில் காய்ச்சல் வந்து விழுந்தார். மலேரியா என்றார்கள். மருந்துக் குளிசை கிடைத்தது, பிந்திக் கிடைத்தது.

காய்ச்சல் இறங்கிய ஒரு பின்னேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "கடதாசி கிடைச்சு யாரும் அடிச்சுத் தந்தால், ஓரத்திலை இருக்கிற என்ரை விரலை மட்டும் மூடச் சொல்லும். பென்சிலாலை மூடலாம். அவவுக்கு மகன்ரை மட்டும் இருக்கட்டும்."

மூன்று வருசம் பென்சில் தொடாத மனுசன் கடைசியாய் அழிக்கச் சொன்னது தன்னைத்தான். கார்த்திகை இருபதாம் திகதி விடிய அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு, செபமாலையோடு வைக்க ஒரு படம் தேடினேன். ஊரையெல்லாம் படம் பிடித்த மனுசனுக்கு ஒரு படம் இல்லை. கலியாணப் படம் தொண்ணூறில் எரிந்தது. மரணம் பதியப்போன இடத்தில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், அதில் இருந்த முகமும் அதோடு போனது. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியது, அந்தப் பிலிமின் ஓரத்தில் இருந்த பெருவிரல் மட்டும்.

செபஸ்தியம்மா கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறா என்று அடுத்த நாளே ஒருவர் வந்து சொன்னார். நான் போகவில்லை. மூன்று வருசம் முன்னம் பயத்தில் போகவில்லை, இந்தமுறை ஆசையில் போகவில்லை. கொடுத்தால் எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கிழமை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். விரலை வைத்துப் பார்ப்பேன், தொடாமல், மேலால். அவருடைய விரல் எனக்கு அத்தனை நெருக்கமாய் இருந்தது. நடுவில் இருக்கிற மற்ற விரலைப் பார்க்கும்போதுதான் களவெடுத்தவள் மாதிரி இருந்தது. அவவும் இப்படித்தானே ஆறு வருசம் தொடாமல் பார்த்திருப்பா. அதைத்தானே நான் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

அந்த ஞாயிறு கொடிகாமத்துக்கு நடந்தேன். ஒரு வகுப்பறையின் மூலையில், பிஸ்கட் ரின்னுக்குப் பக்கத்தில் இருந்தா. மெலிந்திருந்தா. கனிசியஸ் இல்லை என்று சொன்னேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"துடைச்சது அவர் இல்லை. நான்."

"தெரியும் பிள்ளை" என்றா. "அண்டைக்கே தெரியும். கூட்டிலை வாசச் சவர்க்காரம் மணத்தது. நீர் தேத்தண்ணி தரேக்கை உம்மடை கையும் அப்பிடித்தான் மணத்தது."

எனக்குக் கோபம் வந்தது, யாரில் என்று தெரியாத கோபம். "தெரிஞ்சுகொண்டு ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை? அந்த மனுசன் மூண்டு வருசம் செத்துச் செத்துப் பிழைச்சது."

"எப்பிடிச் சொல்லுறது? பெண்சாதிக்காகச் சொன்ன பொய். அதைப் பொய்யெண்டு நான் சொன்னால் அவர் சொன்னதுக்கு என்ன பெறுமதி? எனக்குப் பிள்ளை தான் இல்லாமல் போச்சு. உமக்கு அப்பிடி ஒரு மனுசன் இருந்தார். அதையும் ஏன் நான் கலைப்பான் எண்டு விட்டிட்டன்." ரின்னைக் கிட்ட இழுத்து வைத்தா. "ஒருக்கா வந்து கதைச்சிருக்கலாம். கதைக்கேல்லை. அது என்ரை பிழை தான்."

நான் சட்டைக்குள் இருந்து பிலிமை எடுத்து நீட்டினேன். அவ சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, ஓரத்தில் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினா. பார்த்தா. வாய் கோணியது. "கோடு கிடக்கு" என்றா. "என்ரை பிள்ளையின்ரை கோடு கிடக்கு." ஒன்பது வருசத்துக்குப் பிறகு அந்த அம்மா சத்தம் விட்டு அழுதா. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கிட்டப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

அழுது முடிந்து திரும்பப் பார்த்தா. "இஞ்சை ஓரத்திலை இன்னொண்டு கிடக்கு. இது ஆற்றை விரல்?"

"என்ரை மனுசன்ரை" என்றேன். "மூடச் சொன்னவர். பென்சிலாலை."

"ஒருத்தரும் ஒண்டையும் மூட வேண்டாம்" என்றா செபஸ்தியம்மா.

அதையும் மகனுடையதைப் பார்த்த அளவு நேரம் பார்த்தா. பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி ரின்னுக்குள் வைத்து மூடினா. என் கை தன்பாட்டில் நீண்டு, பாதியில் திரும்பி வந்தது. அது அவவுடையது. கேட்க எனக்கு உரிமை இல்லை, அவ தரவும் இல்லை.

"எனக்கு வேறை ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றா, என் கையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கும் இல்லை" என்றேன்.

"அப்ப பூசை முடிய வாரும். ஞாயிற்றுக்கிழமையளிலை."

நத்தாரோடு சேர்த்து இதுவரை மூன்று தரம் போய்விட்டேன். போனதும் அவ ரின்னைத் திறப்பா. யன்னலடியில் இரண்டு பேரும் நிலத்தில் இருப்போம். அவ பிடிக்க நான் பார்ப்பேன், நான் பிடிக்க அவ பார்ப்பா. ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கிறோம்.